வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் சிட்டி ஸ்டேஷனிலிருந்து கப்பன் பார்க் வரை

நடக்கப்போவது அத்தனையும் எனக்கு முந்தின நாளே தெரியும். வியாழக்கிழமை இரவே அக்காவிடம் சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கன்டோன்மென்டில் இறங்க மாட்டார்கள் என்று. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடா" என்றாள். ஆறாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தானே என்று என்னை லேசாக நினைப்பவர்கள் எங்கள் மர்பி டவுனில் நிறைய உண்டு. ஆனால் பட்டாளத்து ஆபீசர் மெஸ்ஸில் இத்தனை வருஷம் பட்லராக இருக்கிறேன். சூப் கிண்ணத்தை ஒருவர் பார்க்கிற பார்வையிலேயே அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு பிரிகேடியர் என்னிடம் யோசனை கேட்காமல் லீவு எழுதிக் கொடுத்ததே இல்லை.

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்குகிற நம் ஜனங்கள், வெளியே ஜட்காவும் கூச்சலும்தான் என்று நினைத்து உடனே வண்டி பிடித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கையில் இருந்தால் கால்நடையாகவே ராஜா மாதிரி ஊர் பார்க்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன தை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா மகள் தனத்தைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து பையனின் அப்பா அம்மா வருவதாக ஏற்பாடு. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். பையன் ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் வேலை. தனத்தை இதற்கு முன் இரண்டு வீட்டார் பார்த்தாகிவிட்டது. இரண்டு பேரும் கேசரி சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள், அதோடு சரி. "இதுவும் தட்டிப்போனா இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேம்மா" என்று தனம் சொல்லிவிட்டாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். சென்னைப் பக்கத்திலிருந்து வருகிற வண்டி முதலில் கன்டோன்மென்டில் நிற்கும். அதற்கும் அப்பால் மூன்று மைல் போய்த்தான் சிட்டி. மர்பி டவுன், அல்சூர், ஆஸ்டின் டவுன் போகிறவர்கள் எல்லாரும் கன்டோன்மென்டில் இறங்கிவிட வேண்டும்.

நான் வெள்ளைச் சட்டை, மெஸ் பூட்ஸ் சகிதம் கன்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் பையனின் அப்பா தெரிந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே யாரோ தும்மினார்கள். அவ்வளவுதான், வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மனிதர் நிதானமாக உட்கார்ந்து கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். தும்மினால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே எழுந்திருக்க வேண்டும். வண்டிக்கு அது தெரியாது. கிளம்பிவிட்டது.

ஓடுகிற வண்டியின் கடைசிப் பெட்டியில் தாவி ஏறினேன். கார்டு கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். வேகம் மணிக்கு நாற்பது மைல் இருக்கும்.

சிட்டியில் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். பையனின் அப்பா என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எறங்கறதே தப்பாப் போச்சுங்க. இங்கேர்ந்து உங்க வீடு எம்மாந் தூரம்?"

"ஜட்காவுல ஒரு மணி நேரம் அண்ணே."

அவர் கைவிரலில் எண்ணினார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "அதுக்குள்ள வாசப்படி மிதிக்க மாட்டேன். நடுவுல கெளம்பவும் மாட்டேன். பன்னெண்டே காலுக்கு ஒரு வண்டி திரும்பிப் போவுதாமே. அதுல ஊருக்குப் போயிடறோம். வேற நாள் பாத்துக்கலாம்."

வேற நாள் என்றால் எந்த நாளும் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா. பக்கத்தில் நின்ற ஜட்காக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏறுங்க சாப், நம்ம குதிரைக்கு ராவு காலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது" என்றார். பையனின் அப்பா அவரை முறைத்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மனிதரை ஸ்டேஷனை விட்டு எவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு போகிறேனோ, அவ்வளவுக்கு அந்தப் பன்னிரண்டே கால் வண்டி தூரமாகும்.

"இப்பவே நல்ல நேரத்துல கெளம்பிட்டோம்னு வெச்சுக்குங்க அண்ணே. வழியில நாலு எடத்துல நின்னு பாத்துக்கிட்டே போவோம். நின்னு பாக்கறது பயணத்துல சேராது."

சாஸ்திரத்தில் இதற்குத் தடை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நடந்தோம். அவர் முன்னே, நான் பக்கத்தில். கையில் பையோடு அந்த அம்மா நாலடி பின்னால். செருப்பு புதிது போலிருக்கிறது, கடித்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய மைதானம். தர்மாம்புதி என்ற ஏரி இருந்த இடம். இப்போது மண்தான், மாடுகள் மேய்கின்றன, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். ஏரி என்று நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"வத்திப்போன ஏரியிலயா முழிக்கணும்" என்றார் அவர்.

"வத்தலைங்க. கல்யாண ஊர்வலம் சுத்தி வர்றதுக்கு எடம் பத்தலைன்னு அந்தக் காலத்து மகாராஜா உத்தரவு போட்டுத் தண்ணிய எறைச்சுட்டாரு. நாலாயிரம் யானை வந்து உறிஞ்சுச்சு." இதை நான் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி வந்து விழுந்தது.

அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் அண்ணம்மா கோயில். ஊருக்குக் காவல் தெய்வம், கட்டாயம் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஆதலால் பெண்கள் கூட்டம், எலுமிச்சம்பழ விளக்கு, குங்கும வாசனை. பூசாரி எங்களுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். பையனின் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

"என்னங்க இது?"

"திருஷ்டிப் பொட்டு அண்ணே. அம்மாளே வெச்சு அனுப்பியிருக்கா."

அவர் நம்பவில்லை. ஆனாலும் பழத்தை மடியில் கட்டிக்கொண்டார்.

பிறகு மெஜஸ்டிக். இந்தியாவிலேயே, ஏன், ஆசியாவிலேயே ஒரே தெருவில் இத்தனை சினிமாக் கொட்டகைகள் கிடையாது. தமிழ்ப் படமும் ஓடும். காலை நேரத்தில் படம் பார்க்க முடியாது என்றாலும் பேனர்களைப் பார்ப்பதற்குக் காசில்லை. அங்கே ஒரு ஓட்டலில் நுழைந்தோம். "ஒன்னு பை டூ, இன்னொன்னு தனி" என்று சொன்னேன். ஒரு காபி இரண்டு தம்ளராக வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ணு வீட்டுக்காரரு ஒரு காப்பிய ரெண்டா ஊத்தறாரே" என்று மனைவியிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

பெங்களூரில் கோடீஸ்வரனும் பை டூதான் குடிப்பான், அது சிக்கனம் இல்லை, சிநேகம் என்று விளக்கினேன். கொஞ்சமாகக் குடித்துவிட்டு மறுபடி ஒரு தடவை குடிக்கலாம் என்பதுதான் கணக்கு. அந்த அம்மா தம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார். "சூடா இருக்கு" என்றார். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அங்கிருந்து நேரே நடந்தால் முக்கால் மைலுக்கு மேல், ஒரு மைலுக்குள், விதான சௌதா. கட்டி முடித்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. வெள்ளைக் கல், மேலே கோபுரம், அகலமான படிகள். எங்கள் மெஸ்ஸுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தன் ஊர் அரண்மனை கோழிக்கூடு போலிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பையனின் அப்பாகூட நின்றுவிட்டார். முகப்பில் கன்னடத்தில் எழுதியிருந்ததைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

"நல்ல காரியத்துக்கு நேரம் பாக்காதேன்னு போட்டிருக்கு."

வாசலில் நின்ற காவல்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஸ்வாமி, எங்கே அப்படி எழுதியிருக்கு?" என்று தமிழும் கன்னடமும் கலந்து கேட்டார். சர்க்கார் வேலை கடவுள் வேலை என்பதுதான் அங்கே இருப்பதாம். நானும் அதையே சுருக்கிச் சொன்னதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

எதிர்ப்பக்கம் செக்கச்செவேலென்று அட்டாரா கச்சேரி, அதாவது ஹைகோர்ட். அதை ஒட்டிக் கப்பன் பார்க். மூங்கில் புதர்களின் நிழல் மெஸ் ஹாலைவிடக் குளிர்ச்சி. ஒரணாவுக்கு வேர்க்கடலை வாங்கி மூவரும் ஒரு மூங்கில் புதரடியில் உட்கார்ந்தோம். தூரத்தில் ஏதோ கடிகாரம் மணி அடித்தது. பையனின் அப்பா எழுந்தார்.

"பதினொன்னே முக்கால் இருக்கும். பன்னெண்டு அடிச்சதும் வண்டிக்குக் கெளம்பணும். ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

"அது ஒன்னரை மைல் பின்னால போயிடுச்சு அண்ணே."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வேணும்னே நடத்திக் கூட்டியாந்தீங்களா?"

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பெரியவனுக்குக் கல்யாணம் பண்ணினேன்" என்றார். "பத்துப் பொருத்தமும் பாத்தேன். கெளம்பறப்ப எதிர்ல சுமங்கலி வந்துது. பல்லி சொல்லிச்சு. பூ கேட்டேன், வலப்பக்கம் விழுந்துது. ஒன்னு தப்பலீங்க. அந்தப் பொண்ணு வருஷம் திரும்பல. மொதப் பிரசவத்துல போயிடுச்சு. எங்கனா நான் எதையோ பாக்காம விட்டிருக்கணும்."

இத்தனை நேரம் வழியெல்லாம் அவர் நல்லது தேடிக்கொண்டு வந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் தேடிக்கொண்டு வந்தது அன்றைக்கு விட்டுப்போன ஒன்றை.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். பார்க்கில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று கவனித்தார்கள். "அண்ணே, போன தடவை எல்லாம் சரியாப் பாத்தீங்க. இந்தத் தடவை தும்மல், ராகு காலம், வத்தின ஏரி, புள்ளி விழுந்த பழம், எல்லாமே தப்பா வந்திருக்கு. தப்பாவே வரட்டும். வந்து பொண்ணைப் பாருங்க" என்றேன். ஒரு நீதிபதி பேசினால்கூட அப்படி இருக்காது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் பார்க் வாசலில் ஜட்கா பிடித்தோம். ஒன்றே கால் ரூபாய் கேட்டான், ஒரு ரூபாய்க்குப் பேசினேன். மர்பி டவுனில் இறங்கும்போது ஒன்றாக இருபது நிமிஷம். ஆறிப்போன கேசரியை அக்கா மறுபடி சுடவைத்தாள். தனம் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு நிமிர்ந்தே நின்றாள். எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று பையனின் அப்பாதான் முதலில் கேட்டார். வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

இந்த வழியில் போகிறவர்கள் பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காலை பத்துக்குள் கிளம்பினால் வெயில் தெரியாது. அண்ணம்மா கோயிலுக்கு வெள்ளி தவிர மற்ற நாளில் போனால் நின்று கும்பிடலாம். மெஜஸ்டிக்கில் காபிக்கு நிற்காமல் போகாதீர்கள், பை டூ சொல்ல வெட்கப்படாதீர்கள். விதான சௌதாவின் முன்னால் உட்கார விடமாட்டார்கள், உட்காருவது கப்பன் பார்க்கில். திரும்பி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவர்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுங்கள். வண்டி காத்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். யானைக் கணக்கு, நாற்பது மைல் வேகம், கார்டு கைதட்டியது இதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூங்கில் நிழலில் எழுந்து நின்று பேசினேன் என்று எழுதினேனே, அது நான் இல்லை. அந்த மனிதர் மருமகளைப் பற்றிச் சொன்னதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கில் யாரும் நின்று கேட்கவும் இல்லை. பேசியது அந்த அம்மா. அன்றைக்குப் பிரசவ அறையில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தானாம். பின்னால் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

குரலை உயர்த்தவில்லை. மடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு, கடித்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு எல்லாம் சரியாப் பாத்தோம். இவளுக்குத் தப்பா ஆவுது. ஆவட்டும். எழுந்திரிங்க, அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒன்னும் சாப்புடாம உக்காந்திருக்கும்."