மாமாவின் கால் தட்டாத கேள்வி

போன வாரம் ஒரு மத்தியானம், மகள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளிக்கூடங்களுக்காக எங்கள் கம்பெனி நடத்தும் ஒரு டேட்டாபேஸைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஏஐ மாற்றியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சரி, சரி என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக ஒரு கட்டம் உண்டு. பிள்ளையின் புகைப்படத்தை வெளியிடப் பெற்றோருக்குச் சம்மதமா என்பது கேள்வி. பலர் ஆம் என்று போட்டிருந்தார்கள், சிலர் இல்லை என்று. மீதிப் பேர் ஒன்றுமே போடாமல் விட்டிருந்தார்கள். ஏஐ அந்த வெற்றுக் கட்டங்களை எல்லாம் ஆம் என்று நிரப்பிவிட்டு, வேலை சுத்தமாக முடிந்தது என்று சந்தோஷமாக அறிவித்தது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. நானும் அமுக்கியிருப்பேன். மகள் புரண்டு படுத்துத் தன் காலை என் மடிமேல் போட்டதில் கை கொஞ்சம் நின்றது. நின்றதால் திரும்பப் பார்த்தேன்.

திரும்பப் பார்ப்பது என் சுபாவம். கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான். மகளுக்கு மருந்து ஊற்றும் சின்ன மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், கொடுத்த பிறகு சரியான மருந்துதானா என்று புட்டியையும் பார்ப்பேன். வேலையில் இது உதவும். வீட்டில் எல்லாரையும் படுத்தும்.

டேட்டாபேஸில் வெற்றுக் கட்டம் ஒரு விசித்திரமான பொருள். அதை ஆம் என்றும் எடுக்கக்கூடாது, இல்லை என்றும் எடுக்கக்கூடாது. பூஜ்யம் என்றுகூட எடுக்கக்கூடாது. இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். எனக்குப் புரிய அதைவிட எவ்வளவோ அதிக காலம் ஆயிற்று. நான் முதன்முதலில் ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டிய பொருளாக இருந்த காலம். அம்மாவின் தங்கை, என் சித்தி, டிகிரி முடித்துவிட்டு அந்த சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால், இருபத்தெட்டு வயது மாமாதான் வீட்டுக்குப் பெரியவர். அந்தப் பதவிக்காக மீசை வளர்த்துப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அந்த வருடம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு மாமா ஒரு கடை போட்டார். ஆலயத்து முற்றத்தில் ஒரு பக்கம் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் மட்டி வாழைப்பழக் குலையும் ஏலம் போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் 'எதையும் கேளுங்கள், கம்ப்யூட்டர் பதில் சொல்லும்' என்று ஒரு பலகை. மேஜைமேல் மானிட்டரும் ஒரு கீபோர்டும். அந்தக் கீபோர்டின் வயர் மேஜை விரிப்புக்கு அடியில் போய், எதிலும் சேராமல் சும்மா கிடந்தது. உண்மையான கீபோர்டு பின்னால் தொங்கிய படுக்கை விரிப்புக்கு அப்பால் என் மடியில் இருந்தது.

மாமா ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதில் ஆறு பதில்கள். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் எளிதாக வராத காலமாதலால் ஒவ்வொன்றையும் படமாகவே வரைந்து வைத்திருந்தார். ஆம். இல்லை. பொறுத்திருங்கள். இன்னும் முயற்சி செய்யுங்கள். வீட்டில் கேளுங்கள். போதகரிடம் கேளுங்கள். ஆள் வந்து கேள்வி கேட்டதும் மாமா முன்னால் உட்கார்ந்து பொய்க் கீபோர்டில் வேகவேகமாகத் தட்டுவார். தட்டிக்கொண்டே குதிகாலால் மேஜைக் காலில் இடிப்பார். ஒரு இடி என்றால் ஒன்றாம் எண், இரண்டு இடி என்றால் இரண்டாம் எண். நான் அமுக்குவேன். திரையில் பதில் எழும்பும்.

"நான் காலால தட்டாம நீ ஒண்ணையும் தொடப்பிடாது. மனசிலாச்சா?" என்று மாமா முதலிலேயே சொல்லியிருந்தார். நான் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. மனசிலாகாததையும் மனசிலாச்சு என்று சொல்லி அப்படியே செய்வேன்.

கூட்டம் வந்து குவிந்தது. பரீட்சையில் மார்க்கு வருமா என்று கேட்ட ஒருவனுக்கு மிஷின் பதில் சொல்வதற்குள் பின்னால் நின்றவர், "லே, மார்க்கு வேணும்னா இங்கயா வந்து கேக்க? புஸ்தகத்துகிட்ட கேளுலே" என்றார். ஏலத்தில் மட்டிக் குலை தனக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். பொறுத்திருங்கள் என்றது மிஷின். அவர் பொறுக்காமல் போய் விலையை ஏற்றிவிட்டு, குலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மிஷினிடம் வருத்தப்பட்டார். போதகரே வந்து, "இந்த வருஷமாவது நம்ம கோயில் கூரை வேலை முடியுமா?" என்று கேட்டார். மாமா ஆறு முறை இடித்தார். 'போதகரிடம் கேளுங்கள்.' முற்றமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகப் போதகர் சிரித்தார்.

இது உலகத்தில் மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் நம்பினேன். விரிப்பு ஒரு முழம் குறைவு என்பதும், கொலுசு போட்ட என் இரண்டு கால்களும் முற்றம் முழுவதும் தெரிந்தன என்பதும் எனக்குத் தெரியாது. நடுவில் யாரோ ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை விரிப்புக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அது எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. ரகசியம் கெட்டுவிடக்கூடாதே என்று கடிக்கிற சத்தம் கேட்காமல் வாயில் ஊறவைத்துத் தின்றேன்.

சித்திக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம் அது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருந்தார். மாமாதான் இடம் கொண்டுவந்தார். நல்ல குடும்பம், நல்ல வேலை, அலைந்து விசாரித்திருந்தார். அவர்கள் வந்து பார்த்தார்கள். சித்தி டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை போதும் என்றார். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவர்கள் போனபிறகு அம்மாவும் மாமாவும் நாள் பார்த்தார்கள், மண்டபம் பேசினார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பெண் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்குப் பெயர் சம்மதம்.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு முதலாவது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்று சபையைக் கேட்பார். அதை ஓலை வாசிப்பது என்பார்கள். ஊர் முழுவதையும் மூன்று தடவை கேட்க ஏற்பாடு இருந்தது.

பண்டிகை அன்று சாயங்காலம், கூட்டம் இன்னும் குறையாத நேரத்தில், வரிசையில் சித்தியின் குரல் கேட்டது. என் தலையைப் பின்னிவிட்டு, ராத்திரி என்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற சித்தி. ரகசியம் தெரியாமல் ஏமாறப்போகிறாளே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எனக்கொரு கேள்வி உண்டு அண்ணே. எனக்கு இந்த மாப்பிள்ளைய இஷ்டமா, இல்லியா? உனக்க மிஷின்கிட்ட கேட்டுச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணக் கேள்வி அன்று முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாமாவின் விரல்கள் பொய்க் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் விரலை எண்களுக்குமேல் பிடித்துக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தேன். இடி வரவில்லை. குனிந்து விரிப்புக்கு அடியில் பார்த்தேன். மாமாவின் குதிகால் மேஜைக் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அசையவில்லை.

"கரண்டு பெயிட்டா?" என்றார் ஒருவர்.

"மிஷினுக்கு வெக்கம் வந்திட்டு" என்றார் இன்னொருவர்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆம் என்று அமுக்கினால் சித்தி மஸ்கட்டுக்குப் போய்விடுவாள். இல்லை என்று அமுக்கினால் மாமா திட்டுவார். ஆனால் தட்டாமல் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. நான் தொடவில்லை. விரிப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது, மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு.

"பாத்தியா அண்ணே," என்றாள் சித்தி. குரலில் கோபமே இல்லை. "இதுக்குத் தெரியல்ல. தெரியாததுனால சும்ம இருக்கு. கொள்ளாம், நல்ல மிஷின்தான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மிஷின் சூடாகிவிட்டது என்று சொல்லி மாமா கடையை மூடினார்.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. காலையிலிருந்து இடித்து இடித்து மாமாவின் கால் மரத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவின் காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"என்னத்துக்குட்டி இது?"

"மரத்துப்போன காலுக்கு. அதாலதானே சித்திக்குத் தட்டல்ல?"

மாமா காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். தேய்க்கட்டும் என்று விட்டார். பிறகு, "இப்பம் செரியாச்சு மக்கா" என்று எழுந்து, சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிணற்றடிக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். நான் அடுக்களை ஜன்னலில் தொங்கிப் பார்த்தேன். "முதல்லயே உனக்ககிட்ட கேட்டிருக்கணும் பிள்ளே" என்று மாமா சொன்னது கேட்டது. "இப்பம் கேட்டியல்லியா" என்றாள் சித்தி. அதற்குமேல் கேட்க விடாமல் அம்மா என்னை இறக்கிவிட்டாள். அம்மாவும் அங்கேயே நின்றுகொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த வாரத்தில் ஒரு நாள் மாப்பிள்ளையும் சித்தியும் தக்கலை சென்டரில் உட்கார்ந்து பேசினார்கள். மாமா கீழே டீக்கடையில் நின்று தொடர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைத் துணைக்கு என்று மேலே வைத்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினேன்.

"அங்க வந்து வேலைக்குப் போவீங்களா?" என்று அவர் கேட்டார்.

"போவேன். நீங்க சமைப்பீங்களா?"

"சோறு வைப்பேன். மீன் கொழம்பும் வைப்பேன். ஆனா உப்பு கூடிரும்."

சித்தி சிரித்தாள். நான் பார்த்த வரையில் அவ்வளவுதான் நடந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவளே மாமாவிடம் சரி என்று சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் ஆம்தானா? அப்படியென்றால் முதல் இடியிலேயே முடிந்திருக்கும். கடையை மூடியிருக்க வேண்டாம், நான் அழுகையை அடக்கியிருக்க வேண்டாம், முழுப் புட்டித் தைலமும் தீர்ந்திருக்காது. சித்தியிடம் அதைச் சொன்னபோது, என் பின்னலை இழுத்து இறுக்கிக்கொண்டே, "அப்பம் அது உனக்க மாமாவுக்க ஆம். இது எனக்க ஆம்" என்றாள். ஒரே எண்தானே, ஒன்றாம் எண்தானே என்று நான் வாதாடினேன்.

போன வாரம் ஏஐயிடம் வெற்றுக் கட்டங்களை வெறுமையாகவே விடச் சொன்னேன். உடனே மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. நல்ல வேலைக்காரன், என் பாதி நாளை மிச்சப்படுத்தி மகளிடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறதா என்றால், அதுவும் சந்தேகம்தான். மகளை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று ஏஐயிடம் கேட்டேன், கணவரிடம் கேட்டேன், மஸ்கட்டிலிருக்கும் சித்தியிடம்கூடக் கேட்டேன். "அவகிட்ட கேட்டியா?" என்றாள் சித்தி. மூன்றரை வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது? பணம் கட்டிய அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் பக்கத்தில் அம்மாவும் சித்தியும். ஆண்கள் பக்கத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் நான். போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். ஆலயம் முழுவதும் சத்தமில்லை. அன்று கடையில் இருந்த அதே அமைதி. குனிந்து மாமாவின் காலைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

"மாமா, மறுபடியும் மரத்துப் போச்சா?" என்று அவர் காதில் கேட்டேன்.

மாமா கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சித்தி அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். போதகர்கூடக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியாமல் கடையையே மூடினார்கள், இன்றைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் சந்தோஷம். மாமாவுக்கு வலியா சிரிப்பா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று, நான் குனிந்து அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.