முந்தின நாளே அச்சான கைதட்டல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஜோசியக்கா என்று பெயர். கையைப் பார்த்துப் பலன் சொல்கிறவள் இல்லை. செய்திப் பிரிவில் வேலை. பெரிய அரங்கத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இரண்டு அறைகளில் உட்கார்ந்து வாரா வாரம் செய்திமடல் தயார் செய்வாள். யாருக்கு முனைவர் பட்டம், எந்தத் துறைக்குப் புதுக் கட்டடம், எந்தப் பேராசிரியர் கடல் கடந்து போய் என்ன பேசினார், எந்த மாணவி ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தாள், எல்லாம் அவள் கை வழியாகத்தான் வெளியே போகும். அங்கே இருக்கிற ஆயிரக்கணக்கான பேரில் பாதிப் பேருக்கு அவள் முகம்கூடத் தெரியாது.

பட்டப்பெயர் வந்தது நிறுவன நாள் விழாவால். அன்றைக்கு மட்டும் ஒரு சிறப்பு மடல் உண்டு. விழா முடிந்து கூட்டம் வெளியே வரும்போது வாசலிலேயே ஆளுக்கொன்று கையில் கொடுத்தாக வேண்டும். அதில் சற்று முன் முடிந்த விழாவின் செய்தியே இருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு துணைவேந்தருக்கு உதித்த யோசனை. அவர் போய்விட்டார், யோசனை போகவில்லை. இப்போதுதானே பேசி முடித்தார்கள், அதற்குள் எப்படி அச்சாகும் என்று அத்தனை படித்த கூட்டத்தில் ஒரு மகராசன் கேட்டதில்லை. ஆகவே அவள் முந்தின நாளே எல்லாவற்றையும் நடந்து முடிந்ததாக எழுதிவிடுவாள். துணைவேந்தர் தலைமை தாங்கினார். சிறப்பு விருந்தினர் உரையாற்றினார். பதிவாளர் நன்றி கூறினார்.

இந்தப் பிழைப்பில் அடிபடாமல் இருக்க முடியுமா? ஒரு வருஷம் 'இசை நிகழ்ச்சி அனைவரையும் கவர்ந்தது' என்று எழுதிவைத்தாள். அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் போய், பாட வந்தவர்கள் வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்கள். இன்னொரு வருஷம் சிறப்பு விருந்தினர் மரக்கன்று நட்டார் என்று அச்சாகிவிட்டது. அந்த மனிதரோ முழங்கால் வலி, காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். அவளுடைய மேலதிகாரி மக்கள் தொடர்பு அதிகாரி. அவர் லேசுப்பட்டவரா? கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி, கார் ஜன்னலில் நீட்டி, விருந்தினர் கையால் ஒரு பிடி மண்ணைப் போடவைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். செய்தியில் வந்தது நடந்தே தீர வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதிலிருந்து அவள் ரொம்ப உஷார். வந்தார், பேசினார், பெற்றுக்கொண்டார், அத்தோடு சரி. சிரிப்பு, கண்ணீர், மழை, கைதட்டல், இதில் எதையும் முந்தின நாள் எழுத மாட்டாள்.

இந்த வருஷம் அந்தக் கட்டுப்பாட்டை அவளே உடைத்தாள். நீண்ட காலப் பணிக்காகக் கேடயம் வாங்குகிறவர்களில் முதல் ஆள், ஆண்கள் விடுதிச் சமையலறையின் மாஸ்டர். அவர் யார் என்று சொன்னால்தான் அவள் செய்த காரியம் விளங்கும்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணவர் தவறிப்போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மகள் சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டில் பார்த்துக்கொள்ள நாதியில்லை. பிள்ளையைக் கூட்டிவந்து மேஜைக்கு அடியில் உட்காரவைத்தாள். அலுவலகம் என்ன குழந்தைகள் காப்பகமா என்று அப்போதிருந்த அதிகாரி ஒரு கத்துக் கத்தினார். வேறு வழி தெரியாமல் விடுதிச் சமையலறையின் பின்வாசல் படியில், நிழலாக இருக்கிறதே என்று, பிள்ளையை உட்காரவைத்துவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே எழுதினாள். அன்றைக்கு அவள் எழுதிய செய்தியில் என்ன இருந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

நாலாவது முறை எட்டிப் பார்த்தபோது படி காலியாக இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் சோறும் அவித்த முட்டையுமாக, காலை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாஸ்டர், கரண்டியும் கையுமாக. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"முந்நூறு பேருக்கு ஆக்குற இடத்துல இந்தச் சின்ன வயிறு ஒரு கணக்கா? நீ போய் வேலையைப் பாரும்மா."

அன்றிலிருந்து பாப்பா பெரிய வகுப்புக்குப் போகும்வரை மதியச் சாப்பாடு அங்கேதான். வீட்டுப்பாடம் அங்கேதான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது பாத்திரம் துலக்குகிற அம்மா. வெளியாள் யாருக்கும் விடுதியில் சாப்பாடு போடக்கூடாது என்பது விதி. யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுக்க, விடுதிக் காப்பாளர் மூக்கு விடைக்க வந்து நின்றார். என் தங்கச்சி மகள், என் பங்குச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறாள் என்றார் மாஸ்டர், கண் இமைக்காமல். சொன்ன வாய்க்கு மரியாதையாக அதற்கப்புறம் தினமும் அவர் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார் என்பது பல வருஷம் கழித்து அந்தப் பாத்திரக்கார அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

பாப்பா இப்போது வேறொரு ஊரில் பள்ளி ஆசிரியை. மாமா, மாமா என்று வாரம் தவறாமல் மாஸ்டரோடு போனில் பேசுகிறாள். ஆனால் அவளுடைய அம்மா மட்டும் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனாலே, அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று மனிதர் உள்ளே போய்விடுவார். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் நன்றி கூறினார்கள் என்று எத்தனை நூறு முறை எழுதியிருப்பாள்! தன் நன்றி மட்டும் தொண்டையிலேயே கிடந்தது. அவருக்கு இது கடைசி விழா. அடுத்த மாதம் ஓய்வு.

அதனால்தான் முந்தின நாள் மதியம் அவர் பெயருக்கு நேரே 'கேடயம் பெற்றுக்கொண்டார்' என்று எழுதியவள், பேனாவை மூடாமல் மேலும் ஒரு வரி எழுதினாள். 'அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.'

அதிகாரி சரிபார்த்தார். அவர் பார்ப்பது முதல் பக்கத்துப் பெரிய மனிதர்களின் பதவிப் பெயர்களை மட்டும்தான். கடைசிப் பக்கத்தை அவர் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. அச்சகத்துக்காரர் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இந்த வருஷம் ஜோசியம் கொஞ்சம் பலமாக இருக்கிறதே அக்கா என்றார். ஓட்டுங்கள் என்றாள். ஓட்டிவிட்டார்.

கட்டுக் கட்டாக மடல் வந்து இறங்கிய பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எப்போதும் இந்தக் கேடயம் கொடுக்கிற படலம் விழாவின் கடைசியில்தான் வரும். பாதி அரங்கம் தேநீருக்குப் போயிருக்கும். மீதிப் பாதி போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் எழுந்து நிற்காவிட்டால்? மடலைப் படித்துவிட்டு அவளைக் கிண்டல் செய்தால் போகிறது, அவளுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் மனிதரை விடுவார்களா? எந்த அரங்கம் மாஸ்டர் எழுந்தது, பக்கத்து ஊர் அரங்கமா என்று சாப்பாட்டு மேஜைக்கு மேஜை கேட்பார்கள். நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று அவர் கடைசி மாதத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று பதறினாள்.

விடுதி மாணவர் தலைவனைத் தேடிப் பிடித்தாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் வந்து எழுந்து நிற்கிறோம், கவலையை விடுங்கள் என்றான். பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். அப்பாடா என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் இடி விழுந்தது. சிறப்பு விருந்தினரின் கார் வழியில் நின்றுவிட்டதாம். வந்து சேர நேரமாகுமாம். மேடையைச் சும்மா வைத்திருக்க முடியாது. கேடயங்களை முதலில் கொடுத்துவிடலாம் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டார். ஜோசியக்கா அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். முன் வரிசையில் துறைத்தலைவர்கள். அவர்களுக்குப் பின்னால் காலி நாற்காலிகள், கண்ணுக்கு எட்டியவரை. மாணவர் தலைவனுக்குப் போன் செய்தாள்.

"இன்னும் காலைச் சாப்பாடே ஆகலைக்கா. மாஸ்டர் அங்க வந்துட்டாரு, இங்க அடுப்பு லேட்டு."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மனிதரைக் கொண்டாட ஆள் வராததற்கு மனிதரே காரணமாகிவிட்டார்!

ஒலிபெருக்கியில் அவர் பெயரை அழைத்தார்கள். மாஸ்டர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், படியில் தடுக்கிவிடக் கூடாதே என்று கீழேயே பார்த்தபடி ஏறினார். துணைவேந்தர் கேடயத்தைக் கொடுத்தார். முன் வரிசை, கொசு அடிக்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

செய்தியாளர்களுக்கான ஓரத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் எந்த விழாவிலும் அவள் எழுந்து யாரும் பார்த்ததில்லை. எழுதுகிறவள் எதற்கு எழ வேண்டும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. போகட்டும் என்று எழுந்தாள். எழுந்து, கைதட்டினாள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஒற்றை ஆளின் கைதட்டல் எவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

உடனே பின்னாலிருந்து பெருஞ்சத்தம் எழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்சுவரை ஒட்டி, காலி நாற்காலிகளுக்கு அப்பால், அவள் கவனிக்காத நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு கூட்டமே நின்றது. சமையலறை ஆட்கள், தோட்டக்காரர்கள், மின்சாரப் பணியாளர்கள், துப்புரவுப் பெண்கள், அன்றைக்கு நாற்காலி போட்டவர்கள். தங்கள் ஆளுக்குக் கேடயம் என்று வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்கள். இத்தனை இருக்கை காலியாக இருந்தும் ஒருத்தரும் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எழுந்து நிற்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. வந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்தார்கள். இப்போது கைதட்டினார்கள். உழைத்துக் காய்த்த கைகள், கூரை அதிர்ந்தது.

முன் வரிசையில் ஒரு துறைத்தலைவர் என்னவோ ஏதோ என்று திரும்பினார். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், துணைவேந்தரும் நிற்கிறார், நாம் மட்டும் உட்கார்ந்திருக்கிறோமே, மரியாதை தவறிவிட்டோமோ என்று பதறி எழுந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். படித்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிற காரியம் சில சமயம் நல்லதாகவும் முடியும். ஒரு நிமிஷத்துக்குள் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவரும் இல்லை.

மேடையில் மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மேடையின் நடுவிலிருந்து அவசரமாக விலகி ஓரமாக நின்றார். வருகிறவரை வரவேற்கத் தானும் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. துணைவேந்தர் அவர் தோளில் கைவைத்துத் திரும்பவும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கைதட்டல் அப்புறமும் நிற்கவில்லை.

சிறப்பு விருந்தினர் ஒருவழியாக வந்து பேசி, விழா முடிந்து வெளியே வரும்போது வாசலில் மாஸ்டருக்கும் ஒரு மடல் கொடுத்தார்கள். தன் பெயரைத் தேடிப் பிடித்துக் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவளைப் பார்த்தார்.

"இது நேத்தே அடிச்சதுதானேம்மா?"

"ஆமாண்ணே."

"யாரும் எந்திரிக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நான் எந்திரிச்சிருப்பேன். அரங்கம்னு எழுதினது என்னைத்தாண்ணே. என் பிள்ளைக்கு நீங்க போட்ட சோத்துக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது. மாஸ்டர் கையிலிருந்த கேடயத்தை அவளிடம் நீட்டி, கொஞ்சம் பிடித்துக்கொள் என்றார். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.