இன்னொரு விடை எங்கே என்று கேட்ட ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்துவிட்டார். காலையில் தேசிங்கு போன் செய்து சொன்னார்.

இருபது வருடத்துக்கு முன்னால் இருவரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார்கள். தேசிங்கு ஆபரேட்டர், உள்ளூர்க்காரர். ஸ்டெல்லா குவாலிட்டி செக்கிங். சாத்தான்குளத்திலிருந்து வந்த பி.எஸ்சி. கணிதம். நான் அந்த ஏரியா நிருபர்.

ஒரு நாள் மெஷினிலிருந்து மேல்நோக்கித் தெறித்த இரும்புத் துண்டு தேசிங்கின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். பாதுகாப்புக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி மெஷின் அருகே போனது அவர் தப்பு என்று கம்பெனி மெமோ கொடுத்தது. விசாரணையில் அது நிரூபணமானால் வேலை போய்விடும்.

"கோட்டுக்கு வெளியதான் சார் நின்னுகினு இருந்தேன். யாரு நம்புறா?" என்றார் என்னிடம்.

உள்விசாரணைக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை அழைத்துப் போகலாம். லைனில் ஒருவரும் வரவில்லை. ட்ரெய்னியாக இருந்த ஸ்டெல்லா போனார்.

எனக்கு உள்ளே அனுமதி இல்லை. அங்கே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்தது இது.

கம்பெனி இன்ஜினியர் கணக்கோடு வந்திருந்தார். துண்டு 0.2 வினாடியில் தேசிங்கின் புருவ உயரத்துக்கு ஏறும். அப்போது அது மெஷினிலிருந்து அரை மீட்டரில் இருக்கும். மஞ்சள் கோடு இருப்பதோ ஒரு மீட்டரில். ஆகவே ஆள் கோட்டுக்கு உள்ளே...

ஸ்டெல்லா தாளை வாங்கிப் பார்த்தார். "சார், இது குவாட்ராட்டிக் ஈக்வேஷன்லா? ரெண்டு விடை வருமே. இன்னொண்ணு எங்க சார்?"

தாளின் பின்பக்கம் எழுதினார். 5t² − 4t + 0.6 = 0. t என்பது வினாடி. விடை 0.2, 0.6.

"ஏறும்போது ஒருக்கா அந்த உயரத்துக்கு வரும். இறங்கும்போது இன்னொருக்கா வரும். 0.6 செகண்ட்ல துண்டு ஒன்றரை மீட்டர் தள்ளிப் போயிரும். அண்ணன் அங்கதான் நின்னாரு. டாக்டர் சீட்டைப் பாருங்க, வெட்டு மேலருந்து கீழ."

தேசிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா, நம்ம பக்கம்தான் பேசுறியா?"

"சும்மா இருங்கண்ணே. டென்த்ல நீங்க சாய்ஸ்ல விட்ட கணக்கு இது."

விசாரணை அதிகாரியே சிரித்துவிட்டாராம்.

எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். ஒன்றரை மீட்டரில், புருவ உயரத்தில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து மெஷினை ஓட்டினார்கள். முதல் துண்டு தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது, டப்!

தேசிங்கு மறுநாள் ஷிஃப்டுக்குப் போனார். அடுத்த வாரம் மஞ்சள் கோட்டை அழித்து மூன்று மீட்டரில் போட்டார்கள். அந்தக் கோட்டை நானே போய்ப் பார்த்தேன்.

செய்தி எழுதும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "பேரு போட்டா என் சோலி போயிரும் சார்" என்றார். 'சக தொழிலாளி ஒருவர்' என்றுதான் அச்சானது.

அவர் பெயர் எம். ஸ்டெல்லா மேரி.

சென்று வாருங்கள், ஸ்டெல்லாம்மா...