உறவு என்று ஒரு கட்டம்

கத்திரி அக்காவுக்கு அந்தப் பெயர் இடுப்பில் தொங்கும் கத்திரிக்கோலால் வந்ததா, வாயால் வந்ததா என்று கேட்டால், ஆம்புலன்ஸ் ஓட்டும் நான் வாயால்தான் என்பேன். சண்டை நடக்கும் இடமாகப் பார்த்துப் பதினேழு வருடமாக நர்ஸ் வேலைக்குப் போகிறவள். "நம்ம ஊருல ஆஸ்பத்திரியே இல்லையாடி?" என்று அவள் அம்மா போனில் கேட்பார். "இருக்கும்மா. அங்க நர்ஸும் இருக்காங்க" என்பாள்.

இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையில் யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி என்று எழுதியிருக்கும். ஏழாவது கட்டிலில், வயிற்றில் குண்டு பாய்ந்த எதிர்த்தரப்பு ஆள். வயிற்றுக் குழாயை இன்னும் எடுக்கவில்லை. இடம் மாற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும். அவரைத்தான் தூக்கிப்போக வந்தார், அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த படையின் அதிகாரி, இரண்டு துப்பாக்கிக்காரர்களோடு.

அக்கா குரலை உயர்த்தவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்காமல் நோயாளியைக் கூட்டிப்போகும் வீட்டார், 'சொந்தப் பொறுப்பில்' என்று கையெழுத்துப் போடும் படிவத்தை நீட்டினாள்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"விசாரணைக்கு வேணும்."

"அது இல்ல சார். அண்ணன் வேணுமா, மச்சான் வேணுமா? உறவுன்னு கட்டம் இருக்கு பாருங்க. அத நிரப்பி, செத்தா நான் பொறுப்புன்னு பேரெழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி பேனாவைத் தொடவில்லை. ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். அவர்கள் நகரவில்லை. ஒருவன் கையில் இருந்த கட்டு போன வாரம் அக்கா போட்டது.

"உன்ன மாதிரியே இங்க வேலைக்கு வந்த உன் தம்பியக் கொன்னது இவன் ஆளுங்கதான். தெரியும்ல?"

"தெரியும்." அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த அதிகாரியை அறையவேண்டும் போலிருந்தது. கால்தான் நகரவில்லை.

"அப்ப உனக்கு இவன் என்ன வேணும்?"

அக்கா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். 'அழைத்துச் செல்கிறேன்' என்பதை அடித்துவிட்டு 'அனுப்பமாட்டேன்' என்று எழுதினாள். உறவுக் கட்டத்தில் 'அக்கா'. கீழே முழுப்பெயர், கையெழுத்து.

அதிகாரி அதைப் பிடுங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெறுங்கையோடு திரும்பியவர் வாசலில் நின்று சொன்னார்: "உன் பேரு இப்ப என் பைக்குள்ள இருக்கு."

"எழுத்து புரியுதா சார்?" என்றாள் அக்கா. "இல்லன்னா கொட்டை எழுத்துல எழுதித் தர்றேன்."