வேலியில் ஒரு படி

யுஸ்தினா அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்துபோன பிறகு, இந்தோனேசியாவின் புளோரஸ் தீவு மலையில் எங்கள் ஊர்ச் சரிவில் தனியாக மக்காச்சோளம் போடுகிறார். கேட்டவருக்கு ஒன்று, கேட்காதவருக்கு இரண்டு என்று அள்ளிக் கொடுக்கிற கை. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வேலி கட்டிக் காபந்து பண்ணுகிறவன் நான்தானே.

போன வருடம் அண்ணியின் பன்றி, பக்கத்துத் தோட்டத்துக் கொர்னெலிஸின் வள்ளிக்கிழங்கைத் தோண்டிவிட்டது. வேலி தாண்டிய பன்றி தோட்டக்காரனுக்கு. அது எங்கள் ஊர் வழக்கம். அவன் அதை வெட்டி, சொந்தபந்தத்தைக் கூட்டித் தின்றான். அண்ணி வீட்டுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை, வாசனை மட்டும் வந்தது.

இந்த வருடம் சக்கரம் திரும்பியது. அறுவடைக்கு முந்திய பசி மாதத்தில் கொர்னெலிஸின் சினைப்பன்றி வேலியை முட்டிப் பிளந்து, அண்ணியின் சோளத்தில் பாதியைச் சாய்த்தது. நான்தான் பிடித்துக் கொய்யா மரத்தில் கட்டினேன். மனதுக்குள் மசாலாவும் அரைத்துவிட்டேன்.

ஊர்த் தலைவர் வந்து பார்த்தார். "பேச என்ன இருக்கு? பன்றி உன்னுதும்மா" என்றார்.

கொர்னெலிஸ் தலையைத் தூக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். பிள்ளைகளுக்கு அடுத்து அவனிடம் மிச்சமிருந்தது அந்தப் பன்றிதான்.

அண்ணி பன்றியின் விலாவைத் தடவினார். எலும்பு தட்டுப்பட்டது.

"இதுக்கு என்ன போடுற, கொர்னெலிஸு?"

"வாழைத்தண்டுதான்க்கா."

"பிள்ளைங்களுக்கு?"

அண்ணி கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "அண்ணி, போன வருஷம் இவன் ஒரு எலும்பாவது குடுத்தானா?"

"குடுக்கல. நானும் மறக்கல. அதுக்குப் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அதோடு நிற்கவில்லை. உள்ளே போய், அடுப்புக்கு மேல் தொங்கிய பழைய சோளத்தில் பாதியைக் கூடையில் கொண்டுவந்தார். "பன்றிய மட்டும் குடுத்தா நாளைக்கே வெட்டிருவ. அது குட்டி போடட்டும். நீங்க இதத் தின்னுங்க."

கொர்னெலிஸ் கூடையை வாங்கினான்.

அன்று மாலை ஜெபமாலையில், பிறர் குற்றத்தைப் பொறுக்கிற வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் வேலியை அடைக்கப் போனேன். கொர்னெலிஸ் எனக்கு முன்பே மூங்கில் வெட்டிப் போட்டிருந்தான். அண்ணி வந்து நின்றார்.

"முழுசா அடைக்காத. பிள்ளைங்க சாப்பிட வரணும்."

"பிள்ளைங்க வர்ற வழியில பன்றி வராதா?"

"அப்ப படி வச்சுக் கட்டு. பன்றிக்கு ஏறத் தெரியாது."

முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினேன். முதல் படியை மட்டும் நன்றாகத் தாழ்த்தி வைத்தேன். கொர்னெலிஸின் கடைக்குட்டிப் பிள்ளைக்குக் கால் எட்ட வேண்டுமே.