துப்பாக்கிக் கடைக்கு ஒரு விளம்பரம்

எங்கள் தொழிலில் பொருளுக்குத்தான் சத்தம் அதிகம், விற்கிறவன் சத்தம் போடக் கூடாது. திருத்தணியில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன். புதிய ஆளிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் எண்ணிக்கை மட்டும் தவறாது. எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா என்று எண்ணிப் பூட்டுவது சட்டம். எனக்கு அது சுபாவமும்கூட. தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். டெபாசிட் என்போம். சுற்றுவட்டாரத்தில் பலர் என்னிடம்தான் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கைதான் என் கடை. காசு கொடுத்து விளம்பரம் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர்களுக்கு மீதிக் கதை தானாகப் புரியும்.

பொங்கல் வாழ்த்து

ஒரு காலத்தில் விளம்பரம் என்னைத் தேடி வந்தது. உள்ளூர் கேபிள் டிவி நடத்திய சுப்பிரமணி என் கடைக்கு வந்து, "பாவா, உன் கடைய மட்டும் டிவில காட்டாம வுட்டா எனக்குத்தான் அவமானம்" என்பான். உறவு எதுவும் இல்லை. பழகினவரைப் பாவா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டுப்புடவைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் என் இரட்டைக்குழல் துப்பாக்கி திரை முழுக்க நிற்கும். கேமராவை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு பாவா" என்று அவனே கெஞ்சுவான்.

திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருக்கும் முனிரத்தினம் அந்தக் காலத்து வாடிக்கையாளர். பன்றித் தொல்லைக்கு வெற்று வெடி வெடித்து விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கினவர். ஒரு பொங்கலுக்குத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நின்று கேபிளில் வாழ்த்துச் சொன்னார். மறுநாள் கடைக்கு வந்தபோது நடையே மாறியிருந்தது. "நைனா, ரெண்டு ஜோடி மாடு வாங்கினேன், ஒருத்தன் கேக்கல. துப்பாக்கியோட டிவில வந்தேன், பேசாத சம்பந்தி போன் பண்ணி சாப்டியான்னு கேக்கறாரு!"

மயில்

பிறகு காற்று மாறியது. பையன்கள் பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர்கள் பேனர் அடிப்பவர்கள், பத்திரிகை நடத்துபவர்கள், கேபிள்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ஆயுதப் படம் போடக் கூடாது என்று எச்சரித்தார்கள். அதில் எனக்கும் குறையில்லை. கத்தியோடு போஸ் கொடுப்பவன் என் கடைப்பக்கம் வரவே வேண்டாம். ஆனால் வாடிக்கையாக விளம்பரம் கொடுத்துவந்த வாரப் பத்திரிகையில், "இனிமே துப்பாக்கிப் படம் வேணாங்க, எழுத்து மட்டும் போட்டுக்கலாம்" என்றார்கள்.

வார்த்தைகளை எண்ணி எழுதிக் கொடுத்தேன். 'துப்பாக்கி, தோட்டா, பழுதுபார்த்தல்' என்று தொடங்கும். படம் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அச்சகத்துக்காரர், திருத்தணிதானே, முருகன் ஊர்தானே என்று அங்கே தோகை விரித்த மயில் ஒன்றை வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இந்த ஊரில் இட்லி மாவு விளம்பரத்துக்கும் மயில்தான். பத்திரிகை வந்த மூன்றாம் நாள் வனத்துறை ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, மயிலையும் தோட்டாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் நம்பறேங்க. ஆனா படிக்கத் தெரியாதவன் பார்த்தா, மயில் சுட இங்க வாங்கன்னுதான் நெனப்பான்."

பயிர் பாதுகாப்பு

கேபிள் போய் போன் வந்தது. சுப்பிரமணியின் மகன் தினேஷ் போனிலேயே செய்திச் சேனல் நடத்துகிறான். அப்பாவைவிடக் கெட்டிக்காரன், மரியாதையும் தெரிந்தவன். விளம்பரம் கேட்டதும், "மாமா, படம் மட்டும் இல்ல, துப்பாக்கின்ற பேரையே சொல்லக் கூடாது. சேனலை முடக்கிடுவாங்க" என்றான். யோசித்து அவனே ஒரு பெயர் வைத்தான்: பயிர் பாதுகாப்புக் கருவி நிலையம். எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

விளம்பரம் வந்த வாரம் கடையில் கூட்டமோ கூட்டம். எல்லாரும் மருந்தடிக்கும் பம்பு கேட்டார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு அம்மா கத்தரிச் செடியையே ஒடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, இலையைத் திருப்பிப் புழுவைக் காட்டினார். நான் சுவரில் சங்கிலி போட்டு மாட்டியிருந்த துப்பாக்கிகளைக் கை காட்டி, இங்கே கிடைப்பது இதுதான் என்றேன். அந்த அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துவிட்டுச் செடியை எடுத்துக்கொண்டார். "இத்தினி பெரிசு பெரிசா வச்சிகினு, ஒரு புழுவ சாவடிக்க முடியலன்னா இன்னாத்துக்குங்க கடை?"

செய்தி வேறு, விளம்பரம் வேறு

அதன்பின் வந்ததுதான் சிரிக்க முடியாதது. மாநில எல்லைப் பக்கம் யாரோ கள்ளத் துப்பாக்கியோடு பிடிபட்டார்கள். தினேஷின் சேனலில் அது முரசு அடித்துக்கொண்டு ஓடியது. துப்பாக்கியை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பின்னணிக்கு ஏதாவது காட்ட வேண்டுமே என்று, அவன் அப்பா பழைய நாளில் எடுத்த என் கடைவாசல் படத்தையும் சேர்த்துவிட்டான். பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பேச்சிலேயே என் கடைக்குச் சீல் வைத்தாயிற்று. அம்மையார்குப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்து, அவர் என்னிடம் விட்டு வைத்திருந்த துப்பாக்கியும் போலீஸில் மாட்டிக்கொண்டதா என்று அழாத குறையாகக் கேட்டார். இரண்டு பேர் நேரில் வந்து, ரசீதைக் காட்டித் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தலுக்கு ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். முனிரத்தினம் வரவும் இல்லை, போன் செய்யவும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. என் கடையில் ஒரு தோட்டாக்கூட கணக்குத் தவறினதில்லை. இந்தப் பெயர் போய்விட்டால் பிறகு விற்பதற்கு என்ன இருக்கிறது?

தினேஷிடம் போய் மறுப்பு போடச் சொன்னேன். படத்தை உடனே எடுத்துவிட்டான், மன்னிப்பும் கேட்டான். ஆனால் கடை திறந்துதான் இருக்கிறது என்று ஒரு வரி போடச் சொன்னால் தலையைச் சொறிந்தான். "மாமா, துப்பாக்கி புடிபட்டுதுன்னா செய்தி. துப்பாக்கிக் கடை தொறந்துகினு கீதுன்னா அது விளம்பரமாச்சே!"

ஆடிக் கிருத்திகை

அவனுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு இலவசமாக ஒரு வாழ்த்து போடுகிறேன் என்றான். முருகன் படம், பக்தர்களை வரவேற்கிறோம் என்று ஒரு வரி, கீழே கடை பெயர். பெயரைப் பார்த்தாவது கடை இருப்பது தெரியட்டுமே என்று சம்மதித்தேன். படம் செய்கிறவன் சென்னையில் இருக்கிறான். துப்பாக்கிக் கடை விளம்பரம் என்பதால் தினேஷ் அவனிடம் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான்: "ஆயுதம் எதுவும் இருக்கக் கூடாது, பார்த்து எடுத்துடு."

அவன் பார்த்து எடுத்துவிட்டான். கிருத்திகை அன்று காலையில், மலைப்பாதை முழுக்கக் காவடி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரெல்லாம் போனில் முருகன் வந்தார். கையில் வேல் இல்லை. பிடித்திருந்த விரல்கள் மட்டும் அப்படியே மடங்கியிருந்தன. அடியில் என் கடையின் பெயர்.

ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் ஆள் நிறைந்துவிட்டது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசினவர் ஒருவர், "இன்னாங்க, சாமிகிட்டயே உங்க வேலையக் காட்றீங்களா?" என்று மேஜையைத் தட்டினார். சீல் வைத்ததாகச் சொன்னவர்களும் சண்டை போட வந்து, திறந்திருந்த கடைக்குள்தான் நின்றார்கள். அது அவர்களுக்குத் தோன்றவில்லை; எனக்குத் தோன்றியது. தினேஷ் மூச்சிரைக்க ஓடி வந்தான். வருத்தம் தெரிவித்து உடனே செய்தி போடுகிறேன் என்று எல்லாரையும் கும்பிட்டான். அப்போது என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்தின் நடுவில் சத்தமாகப் பேசினேன். "தினேஷ், வேலுக்கு வருத்தம் போடற எடத்துல, கடைக்கு சீல் எதுவும் வெக்கல, எப்பவும் போல நடக்குதுன்னும் போடு. ரெண்டுமே நீ பண்ண தப்புதான்." அவன் என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "ஆங் மாமா, போடறேன். இது செய்திதான்" என்று அங்கேயே நின்று கேமராவைப் போட்டான். என் முகமும் விழுந்தது, வேர்த்துத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து, நான் பூட்டையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் வந்தார். தோளில் உறையோடு துப்பாக்கி. விசை இறுகியிருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்றார். ஊர்ப் பேச்சைக் கேட்டு வீட்டில் பயந்ததால் இத்தனை நாள் வராமல் இருந்தேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். துப்பாக்கியை வாங்கி, அதில் பொறித்திருந்த எண்ணைச் சரிபார்த்து ரசீது எழுதினேன். அவர் போனை எடுத்து அந்த முருகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "இன்னா நைனா, சாமி கையில இருந்ததையும் டெபாசிட் வாங்கி உள்ள வச்சிட்டீங்களா? எலெக்‌ஷன் எப்போங்க?"

இத்தனை வருஷம் காசு கொடுத்தும் எனக்குக் கிடைக்காத விளம்பரத்தை, முருகன் ஒரு காலைப்பொழுது வெறுங்கையோடு நின்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.