சைலன்சர் இருந்த பக்கம்

என் முதல் வண்டியை நான் சிசி பார்த்துத்தான் தேட ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வயதில் வேறெதைப் பார்க்கத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் மூன்று வகையான வண்டிக்காரர்கள் இருந்தார்கள். ஐம்பது சிசி மொபெட்டில் இரண்டு பக்கமும் பால்கேனைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. முன்னூற்றைம்பது சிசியில் டுபுடுபுவென்று கோர்ட்டுக்குப் போகிற பெரிய மனிதர்கள் இன்னொரு வகை. அப்போதுதான் வந்திருந்த ஜப்பான் கூட்டு நூறு சிசியில், மாமியார் வீட்டுச் சீராக வந்த பளபளப்போடு சுற்றும் புதுமாப்பிள்ளைகள் மூன்றாவது வகை. நாங்கள் இதில் எதிலும் சேராதவர்கள். வைகாசியில் ஏரி வற்றியதும், வெடித்துக் கிடக்கும் ஏரிக்குள் வண்டியை இறக்கி, கரைமேல் ஏற்றி, மறுபடி இறக்கி விளையாடுகிற ஏழெட்டு வெட்டிப்பயல்கள். எங்களில் சொந்தமாக வண்டி இல்லாதவன் நான் ஒருவன்தான். எவனாவது இரக்கப்பட்டு ஒரு சுற்று கொடுப்பான். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அந்த வருடம் கடலை நன்றாக விளைந்தது. நைனா வண்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார். எங்கள் நிலம் இரண்டு துண்டு. ஒன்று அனந்தபுரம் பக்கம், இன்னொன்று பனமலை ஏரியைத் தாண்டி. இரண்டுக்கும் கடைசி இரண்டு மைல் மண்பாதை.

"பின்னால மூட்ட கட்ற மாதிரி வண்டியா பாரு. ரேஸு கீஸுன்னு போன, கால ஒடச்சிடுவேன்" என்றார்.

தலையாட்டிவிட்டு நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். திருவண்ணாமலை ரோட்டில், ராஜகிரி மலை நேராகத் தெரிகிற இடத்தில் இருந்தது அது. அதை நடத்தியவன் பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மாமா என்பான். எங்களுக்குள் உறவு என்று எதுவும் கிடையாது.

மண்ணில் ஓட்ட எது நல்லது என்று ஒரு வாரம் பேசினோம். முன்னூற்றைம்பது வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அது நாலு ஸ்ட்ரோக். மேட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்கே வேண்டாம்.

"நிறுத்தும். விழுந்தா யாரு தூக்குறது? உங்க நைனாவா?" என்றான்.

நூறு சிசியும் மொபெட்டும் ஒரே பேச்சில் அடிபட்டன. நூறு லேசான வண்டிதான், ஆனால் ஈரக்களியில் பின்சக்கரம் புதைந்தால் இழுக்காது என்றான். கடைசியில் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததைக் காட்டினான். நூற்றெழுபத்தைந்து சிசி, ரெண்டு ஸ்ட்ரோக். கியர் போடுகிற கம்பியே மடங்கிக் கிக்கராகவும் ஆகும் பழைய வண்டி. மெட்ராஸில் மண்ரேஸ் ஓட்டிய ஒருவர் விற்றுவிட்டுப் போனது. முன் மட்கார்டைத் தூக்கி வைத்து, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டியிருந்தது. டயருக்குக் கட்டிகட்டியாகப் பல். தண்ணீரில் இறங்கினால் உள்ளே புகாமல் இருக்க, சைலன்சரை வெட்டி, வலப்பக்கம் முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலை ஒட்டினாற்போல் மேலே கொண்டுபோயிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நைனாவின் கடலை மூட்டையை எங்கே கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை.

"சிசிய வுடு. ஒக்காந்தா ரெண்டு காலும் தரையில எட்டுதான்னு பாரு. மண்ணுல அதான் முக்கியம்" என்றான் பாய்.

எட்டியது.

அன்றைக்கே பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டேன். அடுத்த நாள் காலையில் ஏரிக்குக் கொண்டுபோனோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். ரெண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் முதலில் ஒன்றும் செய்யாது, சோம்பேறியாக முனகும். பாதிக்குமேல் முறுக்கியதும் பேய் பிடித்தாற்போல் எகிறும். நான் கரைமேல் நாலு தடவை ஏறி இறங்கினேன். ஐந்தாவது தடவை கரையில் வண்டி ஒரு முழம் அந்தரத்தில் போனது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, இப்போதும் அடித்துச் சொல்வேன்.

திரும்பி வந்து நிறுத்தியதும் பாய் மூக்கைச் சுளித்தான்.

"இன்னாடா நாத்தம்? கிளட்ச் பிளேட் தீயுதா?"

எனக்கும் வந்தது அந்த வாசனை. கிளட்ச் மூடியை மோந்து பார்த்தான். ஆயில் சொட்டி இஞ்சின்மேல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தான். நானும் உட்கார்ந்தபடியே சாய்ந்து தேடினேன். "கிளட்ச் இல்ல, ஆட்டுத்தல வாட்ற மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த பாய் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்த்தது என் வலது காலை. கெண்டைக்கால் சைலன்சர்மேல் சாய்ந்திருந்தது. எடுத்தபோது தோல் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

எனக்கு வலிக்கவில்லை.

"வலிக்கலையா மாமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் இரண்டடி பின்னால் போனான். வேண்டுமென்றே போனான் என்று நினைக்கவில்லை. ஆனால் போனான்.

அந்த இடத்தில் இரண்டு வருடமாக வெளுத்த படை ஒன்று இருந்தது. தேமல் என்று அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தாள். வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்கும்போதும் அங்கே மட்டும் வேர்க்காது. அதை ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

ஊரில் காட்டினால் ஊருக்கே தெரியும் என்பதால் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவார், தொட்டபோது சொல்ல வேண்டும். முழங்காலில் தொட்டார், சொன்னேன். பாதத்தில் தொட்டார், சொன்னேன். பிறகு ஒன்றும் தெரியாத இடைவெளிகள் வந்தன. குத்துமதிப்பாக "இங்க, இங்க" என்று சொல்லிவைத்தேன். பரீட்சையில் பிட் அடித்தே பழகியவன்.

"நான் தொடவே இல்லைப்பா" என்றார் டாக்டர்.

தொழுநோய் என்று பெயரைச் சொல்லியே சொன்னார். ஆரம்ப நிலை, மாத்திரை தின்றால் முழுக்கக் குணமாகும், இனி யாருக்கும் தொற்றாது என்றார். செத்துப்போன உணர்வு திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம். "சூடு தெரியாத இடத்துக்குப் பக்கத்துல சூடான எதுவும் இருக்கக் கூடாது" என்றும் சொன்னார். நான் சரி சார், சரி சார் என்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெளியே வந்து ஓட்டலில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

வீட்டில் சொறி மாத்திரை என்று சொன்னேன். பாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், அவன் காலைப் பார்த்துவிட்டானே. ஷெட் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன், உள்ளே போகவில்லை. அவன் ஒரு நட்டை முறுக்கிக்கொண்டே "ம்" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் போகவில்லை. அவனும் வரவில்லை. வண்டியைப் பற்றிய கவலை எனக்கு இல்லை. அவன் இனி என்னைத் தொடமாட்டான், நான் உட்கார்ந்த வண்டியைக்கூடத் தொடமாட்டான் என்பதுதான் மனதில் கிடந்தது. அதுவும் வலியாக இல்லை. காலில் இருந்த மரமரப்பு மேலே ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிலத்துக்கு சைக்கிளில் போனேன், களை எடுத்தேன், வந்தேன், தின்றேன், தூங்கினேன். "வண்டி இன்னாடா ஆச்சு?" என்று நைனா கேட்டதற்கு, இஞ்சின் சரியில்லை என்றேன். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். இஞ்சினைப் பற்றி அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஏரிக்குள் பையன்கள் வண்டி விடும் சத்தம் சாயங்காலங்களில் கேட்கும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆசையும் இல்லை, பொறாமையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"வண்டிய எடுத்துனு போறியா, வித்துடவா?"

"வித்துடு."

"வந்து பாத்துட்டு சொல்லு."

போனேன். சைலன்சரை மறுபடி வெட்டியிருந்தான். அது இப்போது இஞ்சினுக்கு அடியில் இறங்கி, தாழ்வாகப் பின்னால் போனது. கால் படக்கூடிய இடமெல்லாம் அஸ்பெஸ்டாஸ் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஒரு தகரத்தை வளைத்து, இடைவெளி விட்டு மாட்டியிருந்தான். தண்ணியில் எறக்க முடியாது, மண்ணுக்குப் போதும் என்றான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தான். கால்மணி நேரம் முறுக்கி முறுக்கிச் சூடேற்றினான். ஷெட் முழுக்கப் புகை. பிறகு கைலியைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அதே சீட்டில் ஏறி உட்கார்ந்து, வெறும் கெண்டைக்காலை அந்தத் தகரத்தின்மேல் அழுத்தி வைத்தான்.

"இன்னா பண்ற?"

"உன் காலு சொல்லாது. என் காலு சொல்லட்டும்."

ராஜகிரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். முப்பதோ நாற்பதோ வந்திருக்கும், 'ஸ்' என்று காலை இழுத்துக்கொண்டான். "இன்னும் ஒரு வெரக்கட தள்ளணும்" என்று இறங்கி, ஸ்பேனரை எடுத்து, தகரத்தைக் கழற்றி, ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி வளைத்து, மறுபடி மாட்டினான். மறுபடி ஏறினான். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டு இழுத்துக்கொண்டான். மறுபடி இறங்கினான். மூன்றாவது தடவை காலை வைத்துக்கொண்டே, மெட்ராஸிலிருந்து செயின் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். கால் நகரவில்லை.

"இப்ப சரி" என்று இறங்கினான். அவன் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியாம இன்னா பண்ணும்?" என்றான்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவன் நகரவில்லை.